எழும்பூர் மணலும் எட்டு வயசு வாத்தியாரும்

ஸ்காட்லாந்தோட கிழக்குக் கரையில செயின்ட் ஆண்ட்ரூஸ்னு ஒரு ஊர் இருக்கு. கோல்ஃப் பார்க்கிறவங்களுக்கு இந்தப் பேர் நல்லாவே தெரிஞ்சிருக்கும். அந்த ஊர்ல இருக்கிற அரசுப் பள்ளிக்கூடத்தோட பேர் மெட்ராஸ் காலேஜ். 1830-கள்ல ஆரம்பிச்சது, இன்னிக்கும் நடக்குது. நாம 1996-லேயே ஊர்ப் பேரை சென்னைன்னு மாத்திட்டோம். அவங்க இன்னும் மெட்ராஸை விடல.

இந்தப் பேர் அவ்வளவு தூரம் போனதுக்குக் காரணம் ஒரு கிளாஸ்ரூம் டெக்னாலஜி. டெக்னாலஜின்னு சொன்னதும் ஸ்மார்ட் போர்டு, டேப்லெட்னு யோசிக்காதீங்க. இது மணல். நம்ம ஊர் மணல். அதை முதல்ல பயன்படுத்தச் சொன்னப்போ ஒரு வாத்தியார் முடியாதுன்னுட்டார். அந்த ஒரு மறுப்புலதான் இந்தக் கதை ஆரம்பிக்குது.

ஆண்ட்ரூ பெல் 1753-ல அதே செயின்ட் ஆண்ட்ரூஸ்ல பிறந்தவர். சின்ன வயசுல அமெரிக்காவுல வர்ஜீனியாவுக்குப் போய் ட்யூஷன் எடுத்தவர். அப்புறம் பாதிரியார் ஆகி, 1787-ல மெட்ராஸ்ல வந்து இறங்கினார். கம்பெனியோட ராணுவப் பிரிவுகளுக்கு மதகுரு வேலை. ஒரே ஆள் ஒரே நேரத்துல பல பிரிவுகளுக்கு மதகுருவா இருந்து, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா சம்பளம் வாங்கலாம். பெல் அதை நல்லாவே பயன்படுத்திக்கிட்டார். ஊருக்குத் திரும்பிப் போகும்போது பெரிய பணக்காரரா போனார்.

1789-ல அவருக்கு இன்னொரு பொறுப்பும் வந்தது. இன்னிக்கு எழும்பூர் ரயில் நிலையம் இருக்கிற பக்கத்துல அப்போ ஒரு சின்னக் கோட்டை இருந்தது. அந்தக் கோட்டையில ராணுவத்தாரோட பசங்களுக்காக ஒரு ஆதரவற்றோர் இல்லம் தொடங்கினாங்க. 'மேல் அசைலம்'னு பேர். அப்பா ஐரோப்பியச் சிப்பாய், அம்மா பெரும்பாலும் இந்தியப் பெண். அப்பா போரிலேயோ காய்ச்சலிலேயோ செத்துப்போயிருப்பார், இல்லைன்னா கப்பல் ஏறிப் போயிருப்பார். அந்தப் பசங்களை என்ன பண்றதுன்னு தெரியாமதான் கம்பெனி இப்படி ஒரு இடத்தை ஏற்பாடு பண்ணுச்சு. இந்த ஒரு பொறுப்புக்கு மட்டும் பெல் சம்பளம் வாங்கல. அதையும் சொல்லிடணும்.

அங்க பிரச்சினையே வாத்தியார்கள்தான். ஒரு தலைமை வாத்தியார், அவருக்குக் கீழே 'அஷர்'னு சொல்லப்பட்ட உதவி வாத்தியார்கள். சம்பளம் ரொம்பக் குறைவு. எழுதப் படிக்கத் தெரிஞ்ச, கணக்குப் போடத் தெரிஞ்ச ஐரோப்பியருக்கு மெட்ராஸ்ல அதைவிடப் பல மடங்கு சம்பளத்துக்கு வேற வேலை கிடைச்சது. பள்ளியை நடத்துற அளவுக்கு ஒருத்தர் தேறிட்டார்னா, உடனே வெளியே போயிடுவார். மிச்சம் இருக்கிறது தேறாதவங்க. இன்னிக்கு ஸ்டார்ட்அப் நடத்துறவங்க புலம்புற புலம்பல்தான். பெல் அதை இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே புலம்பினார்.

1790-களோட தொடக்கம். ஒரு நாள் காலையில பெல் குதிரையில போயிட்டு இருக்கார். வழியில ஒரு 'மலபார்' பள்ளிக்கூடம். இதைப் படிச்சிட்டு நிறைய பேர் இது கேரளாவுல நடந்ததுன்னு நினைக்கிறாங்க. அந்தக் காலத்துல மெட்ராஸ் இங்கிலீஷ்காரங்க தமிழர்களைத்தான் 'மலபார்'னு சொல்லுவாங்க, தமிழ் மொழிக்கும் அதே பேர்தான். பெல் பார்த்தது நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்தைத்தான். பசங்க தரையில உட்கார்ந்து, முன்னாடி பரப்பி வச்ச மணல்ல விரலால எழுத்துப் பழகிட்டு இருந்தாங்க.

இங்க கொஞ்சம் நிறுத்தி, அந்தத் திண்ணையில என்ன நடந்துட்டு இருந்ததுன்னு பார்க்கலாம். ஏன்னா பெல் குதிரை மேல இருந்து பார்த்தது பாதிதான்.

வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், மரத்தடி, எங்க வேணா பள்ளி நடக்கும். விடியறதுக்கு முன்னாடியே வரணும். புதுசா சேர்ந்த பையன் முன்னாடி மணல். வாத்தியார் அவன் விரலைப் பிடிச்சு எழுத்தை வரைவார். அவன் அந்த எழுத்தைச் சத்தமா சொல்லிக்கிட்டே அதே தடத்துல விரலை ஓட்டணும். கண்ணு பார்க்குது, வாய் சொல்லுது, காது கேட்குது, விரல் எழுதுது, எல்லாம் ஒரே நேரத்துல. தப்பா போச்சுன்னா உள்ளங்கையால தடவிட்டா போதும், அடுத்த பக்கம் ரெடி. எழுத்தெல்லாம் கைக்கு வந்த பிறகுதான் பனையோலையும் எழுத்தாணியும். அதுக்குக் காரணம் இருக்கு. ஓலையில கீறினது கீறினதுதான், அழிக்க முடியாது. தப்புப் பண்ணிப் பழக ஒரு இடம் வேணும்னு யோசிச்சு மணலை முதல்ல வச்சிருக்காங்க. நாள் முழுக்க எத்தனை தப்பு வேணாலும் பண்ணலாம், காசு செலவில்லை. விஜயதசமி அன்னிக்குத் தட்டுல அரிசியைப் பரப்பி குழந்தை விரலைப் பிடிச்சு எழுத வைக்கிறோமே, அது இந்த வழக்கத்தோட மிச்சம்தான்.

இது பெல் காலத்துக்கு ரொம்ப முன்னாடியே இருந்த வழக்கம். 1623-ல இத்தாலியப் பயணி பியெட்ரோ டெல்லா வால்லே மேற்குக் கரையில இக்கேரி நாட்டுப் பக்கம் போனப்போ, நாலு பசங்க தரையில மணலைத் தூவி, விரலால கணக்கை எழுதி, பாட்டு மாதிரி ஒண்ணாச் சொல்லிப் படிக்கிறதைப் பார்த்து அசந்துபோய் எழுதி வச்சிருக்கார்.

பெல்லுக்குக் கண்ணுல பட்ட அளவுக்கு முழுசாப் புரியாத இன்னொரு விஷயமும் அங்க இருந்தது. சட்டாம்பிள்ளை. கொஞ்சம் முன்னேறின பையன் சின்னப் பசங்களுக்குச் சொல்லிக்கொடுப்பான், பாடம் கேட்பான், யார் வரலைன்னு பார்ப்பான். ஆனா சட்டாம்பிள்ளை வாத்தியாருக்குப் பதிலா வந்தவன் கிடையாது. வாத்தியார் அங்கேயே இருப்பார். ஒவ்வொரு பையனும் வேற வேற பாடத்துல இருப்பான், யார் எங்க இருக்கான்னு அவருக்குத் தெரியும். அதனாலதான் ஒரு பையன் மணலை விட்டு ஓலைக்குப் போகலாம்னு அவரால முடிவு பண்ண முடிஞ்சது.

திண்ணைப் பள்ளியைச் சொர்க்கம்னு சொல்ல வரல. அடி உண்டு, நல்லா உண்டு. முதல்ல வர்ற பையன் உள்ளங்கையில சரஸ்வதி பேரை எழுதுவாங்க, ரெண்டாவது வர்றவனுக்கு ஒரு பூஜ்யம், மூணாவது வர்றவனுக்கு ஒரு அடி, நாலாவதுக்கு ரெண்டு, அப்படியே ஏறிக்கிட்டே போகும். உத்தரத்துல கட்டித் தொங்கவிடுற தண்டனையும் இருந்தது. பெண் குழந்தைகள் ரொம்பச் சிலர். தலித் குழந்தைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகள்ல இடமே கிடையாது. இதையெல்லாம் மறைச்சுட்டுப் பெருமை பேசினா அது வரலாறு ஆகாது.

சரி, எழும்பூருக்கு வருவோம். பெல் நேரா இல்லத்துக்குத் திரும்பினார். கீழ் வகுப்பு உதவி வாத்தியாரைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து அகர வரிசையை மணல்ல எழுத வச்சுச் சொல்லிக்கொடுன்னார். நடக்கல. திரும்பவும் சொன்னார். அந்த வாத்தியார், இது முடியவே முடியாதுன்னு சொல்லிட்டார்.

பெல் அப்போ ஒரு வேலை பண்ணினார். ஜான் ஃப்ரிஸ்கென்னு ஒரு பையன். சாதாரணச் சிப்பாயோட மகன், வயசு எட்டு. அவன்கிட்ட அந்த வகுப்பைக் கொடுத்தார். மணலைப் பலகையில பரப்பிக் கொடுத்தார். பெரியவர் முடியாதுன்னு சொன்ன வேலையை எட்டு வயசுப் பையன் செஞ்சு காட்டினான்.

2020-ல ஆன்லைன் கிளாஸ் நடந்தப்போ மைக் எப்படி ஆன் பண்றதுன்னு தெரியாம தவிச்ச டீச்சருக்குப் பசங்கதானே சொல்லிக்கொடுத்தாங்க? நாம சிரிச்சோம். இந்த எழும்பூர்க் கதையையும் ரெண்டு நூற்றாண்டா அதே சிரிப்போடதான் சொல்லிக்கிட்டு இருக்காங்க. சோம்பேறி வாத்தியார், புத்திசாலிப் பையன். பெல்லும் அப்படித்தான் எழுதினார். அதுக்கப்புறம் வந்தவங்க அவரைப் பார்த்து எழுதினாங்க. ஃப்ரிஸ்கென் பேர் நமக்குத் தெரியுது. அந்த உதவி வாத்தியாரை இந்தக் கதை 'அஷர்'னு மட்டும்தான் சொல்லுது. மணலை முதல்ல பரப்பின தமிழ் வாத்தியாரும் கதையில பேர் இல்லாமத்தான் வர்றார்.

நான் அந்த அஷருக்காகக் கொஞ்சம் வாதாடப் போறேன். அவர் கஷ்டத்துக்கு ஒரு காரணம் வெளிப்படையாவே தெரியுது. திண்ணையில உட்கார்ந்து ஒரு நாளாவது அந்த முறையைப் பார்க்காத ஒருத்தர்கிட்ட, பொருளை மட்டும் கொடுத்து நடத்துன்னு சொன்னாங்க. எப்போ ஓலைக்கு மாத்தணும், எத்தனை எழுத்தைச் சேர்த்துக் கொடுக்கணும், முப்பது பேர்ல ஒருத்தன் பின்தங்கினா என்ன பண்ணணும், இதெல்லாம் மணல்ல எழுதி இல்லை. திண்ணை வாத்தியார் அதைத் தன் வாத்தியார்கிட்ட பையனா இருந்து, சட்டாம்பிள்ளையா இருந்து கத்துக்கிட்டவர். இந்த அஷருக்கு அப்படி யாரும் இல்லை. பக்கத்துத் தெருவுல ஆள் இருந்தும் பெல் யாரையும் கூட்டிட்டு வந்து காட்டச் சொன்னதா கதையில வரல.

அடுத்து நடந்ததைப் பாருங்க. ஃப்ரிஸ்கென் ஜெயிச்சதும் மேல் வகுப்புகளையும் பெல் பசங்க கையில கொடுத்துட்டார். ஃப்ரிஸ்கெனுக்குப் பன்னிரண்டு வயசு ஆனப்போ, ஏழு வயசுலேர்ந்து பதினொரு வயசுக்குள்ள உள்ள துணை ஆட்களை வச்சுக்கிட்டு தொண்ணூறுக்கு மேல பசங்களுக்குப் பொறுப்பாளர். பெரியவங்க வேலை, பாடம் நடத்துறதுலேர்ந்து மேற்பார்வை பார்க்கிறதா மாறிப்போச்சு. வாத்தியார் சம்பளம்தான் ஆரம்பத்துல பெல்லோட தலைவலின்னு சொன்னேன் இல்லையா? அந்தத் தலைவலி தீர்ந்தது.

பசங்க தரப்புல பார்த்தா, அந்த இல்லம் மோசமான இடம் இல்லைன்னுதான் சொல்லணும். அடியைக் குறைச்சு, தப்புப் பண்ணினவனைப் பசங்களே விசாரிக்கிற ஏற்பாட்டை பெல் கொண்டு வந்தார். அங்க படிச்ச வில்லியம் ஸ்மித்னு ஒரு பையன், 1794-ல திப்பு சுல்தானோட மகன்களைத் திருப்பி அனுப்பினப்போ கூடவே போய், திப்பு முன்னாடி அறிவியல் கருவிகளை வச்சுச் சோதனைகள் செஞ்சு காட்டியிருக்கான். யாரும் சீந்தாத சிப்பாய்ப் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

1796-ல பெல் கப்பல் ஏறினார். மறு வருஷம் லண்டன்ல ஒரு சின்னப் புத்தகம் போட்டார், மெட்ராஸ் ஆண்கள் இல்லத்துல செஞ்ச கல்விச் சோதனைன்னு தலைப்பு. முதல்ல பெரிசா யாரும் கண்டுக்கல. 1798-ல ஜோசப் லங்காஸ்டர்ங்கிற இளைஞர் லண்டன் பரோ ரோடுல ஏழைப் பசங்களுக்குப் பள்ளி ஆரம்பிச்சார். உதவி வாத்தியாருக்குக் கொடுக்க அவர்கிட்டயும் காசு இல்லை. அவரும் பசங்களை வச்சே பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். சின்ன வகுப்புக்கு மணல் மேசை, அடுத்ததுக்கு சிலேட். ஒரே கூடத்துல ஆயிரம் பேருக்கு ஒரே வாத்தியார் போதும்னார்.

அப்புறம் பெரிய சண்டை. இதை யார் கண்டுபிடிச்சது, பெல்லா லங்காஸ்டரா? இங்கிலாந்துத் திருச்சபை பெல் பக்கம், திருச்சபைக்கு வெளியே இருந்த கிறிஸ்தவங்க லங்காஸ்டர் பக்கம். 1811-ல பெல் முறையைப் பரப்பவே நேஷனல் சொசைட்டி உருவாச்சு. வேர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜ், சதே மாதிரி பெரிய கவிஞர்களெல்லாம் பெல்லுக்காகப் பேசினாங்க. கனடாவுல நியூ பிரன்சுவிக்ல 'மெட்ராஸ் பள்ளி'கள் திறந்தாங்க. நியூயார்க்ல லங்காஸ்டர் பள்ளிகள். ரெண்டு வெள்ளைக்காரங்க காப்புரிமைக்குச் சண்டை போட்ட மாதிரி இருந்த அந்தச் சண்டையில, திண்ணைப் பள்ளியை யாரும் ஒரு தரப்பா எண்ணவே இல்லை.

பெல் தன் முறையை நீராவி இயந்திரத்தோடயும் நூற்பு மில்லோடயும் ஒப்பிட்டார். ஆள் உழைப்பைக் குறைக்கும், உற்பத்தியைப் பெருக்கும். இந்த ஒப்பீடு எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. திண்ணையில ஒரு வாத்தியாரைச் சுத்தி இருந்த ஏற்பாடு, லண்டன் போனதும் வாத்தியார் இல்லாமலே ஓடுற ஃபேக்டரியா மாறிடுச்சு. மணியடிச்சா எழுந்திரு, மணியடிச்சா சிலேட்டைக் காட்டு. அதோட குறையும் சீக்கிரமே தெரிஞ்சுபோச்சு. பத்து வயசுப் பையனுக்குத் தெரிஞ்சதுக்கு மேல எட்டு வயசுப் பையன் எப்படிக் கத்துக்குவான்? 1846-ல இங்கிலாந்து அரசு அந்த வழியை விட்டு விலக ஆரம்பிச்சது. கொஞ்சம் பெரிய பசங்களுக்குச் சம்பளம் கொடுத்து, சில வருஷம் பயிற்சி கொடுத்து ஆசிரியரா ஆக்குற திட்டத்துக்குப் போனாங்க.

இதெல்லாம் நடக்கிற நேரத்துல மணலோட சொந்த ஊர்ல என்ன நிலைமை? 1814-ல கம்பெனி இயக்குநர்கள் லண்டனிலிருந்து அனுப்பின கடிதத்துல, இந்தியக் கிராம ஆசிரியர்களோட முறையைத்தான் பெல் மூலமா இங்கிலாந்து எடுத்துக்கிட்டிருக்குன்னு பாராட்டி இருக்காங்க. பாராட்டு வந்தது, காசு வரல. 1810-கள்ல தரங்கம்பாடி மிஷனரிகள் நடத்தின இலவசப் பள்ளிகள்ல பெல் முறை உள்ளே வந்தது. இங்கிருந்து போன பாடம், இங்கிலீஷ் முறைங்கிற பேர்ல தமிழ் வாத்தியார்கிட்டயே திரும்பி வந்தது. இதைவிட நல்ல நகைச்சுவை கிடைக்காது.

1822-ல கவர்னர் தாமஸ் மன்றோ ஒரு கணக்கெடுப்புக்கு உத்தரவு போட்டார். மாகாணம் முழுக்க எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளைங்க, எந்தச் சாதி, என்ன கட்டணம்? தொகுத்தப்போ 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள்னு வந்தது. பதில் அனுப்பின கலெக்டர்கள்ல பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823-ல எழுதின அறிக்கை தனியா நிற்குது. எழுதக் கத்துக்கொடுக்கிற சிக்கனம், பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிற முறை, இதெல்லாம் இங்கிலாந்து பார்த்துச் செஞ்சது சரிதான்னு பாராட்டுறார். சரஸ்வதி பேர், பூஜ்யம், அடி எல்லாம் அவர் எழுதி வச்சதுதான். அதே அறிக்கையில கொஞ்சம் தள்ளி, தன் மாவட்டத்துல 533 பள்ளியில வெறும் 6,641 பிள்ளைங்கதான் படிக்கிறாங்க, முன்னாடி பள்ளி இருந்த நிறைய ஊர்ல இப்போ இல்லை, காரணம் மக்கள் ஏழையாகிட்டாங்கன்னும் எழுதுறார். இங்கிலாந்து மில் துணி வந்து உள்ளூர் நெசவை அடிச்சதையும் சொல்றார். அதே அறிக்கையிலதான் முறைக்குப் பாராட்டும் வருது, அந்த முறையை நடத்துறவங்க பசியில கடையை மூடுற செய்தியும் வருது.

மன்றோ 1826-ல எழுதின குறிப்பு இன்னும் நேரடியா இருக்கு. பொதுவா ஒரு வாத்தியாருக்கு மாசம் ஆறேழு ரூபாய்க்கு மேல வருமானம் இல்லை, இந்தக் காசுக்குத் தகுதியான ஆள் எப்படி வருவான்னு கேட்கிறார். எழும்பூர்ல முப்பது வருஷம் முன்னாடி பெல்லுக்கு வந்த அதே கேள்வி. பெல் வாத்தியாரைக் குறைச்சார். மன்றோ வாத்தியாருக்குச் சம்பளம் கொடுன்னார். தாலுகா பள்ளி வாத்தியாருக்கு ஒன்பது ரூபாய், மாவட்டப் பள்ளி வாத்தியாருக்குப் பதினைந்து ரூபாய், அவங்களைப் பயிற்றுவிக்க மெட்ராஸ்ல ஒரு பள்ளி. பெரிய தொகை இல்லை. ஆனா வாத்தியாரும் கத்துக்கணும், அதுக்கு அரசு செலவு பண்ணணும்னு இந்த மாகாணத்துல ஒருத்தர் காகிதத்துல எழுதினார்.

மறு வருஷம், 1827 ஜூலையில, சுற்றுப்பயணத்துல காலரா வந்து மன்றோ இறந்துபோனார். திட்டத்தைத் தூக்கிப் பிடிக்க ஆள் இல்லை. தாலுகா பள்ளிகள் பெரிசா வளரல, 1830-களோட நடுவுல மொத்தமா மூடிட்டாங்க. மெட்ராஸ்ல அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி நிலையா வர்றதுக்கு 1856 ஆச்சு. முதல்ல வேப்பேரி, பிறகு சைதாப்பேட்டை. இன்னிக்கும் அங்கதான் இருக்கு.

பெல் 1832-ல இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேல அடக்கம் பண்ணினாங்க. சொத்துல பெரும்பகுதியைக் கல்விக்குன்னு எழுதி வச்சார், அதுல ஒரு பங்கு பிறந்த ஊருக்கு. இங்க தாலுகா பள்ளிகளுக்குப் பூட்டுப் போட்ட அதே 1830-கள்ல, செயின்ட் ஆண்ட்ரூஸ்ல கல் கட்டடமா மெட்ராஸ் காலேஜ் எழுந்து நின்னது.